பத்தாம் நம்பரின் மாமாவுக்கு

மச்சான்,

நேற்று குண்டசாலை பஸ்ஸில் என் மானம் போய்விட்டது. ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின் கதவிலிருந்து கண்டக்டர் "ரைட்" என்று ஒரு சத்தம் கொடுத்தான். அச்சாக உன் குரல். "இரு மச்சான், நான் இன்னும் ஏறல" என்று பதில் கொடுத்துவிட்டேன், சீட்டில் சம்மணமாக இருந்துகொண்டே. முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. கண்டக்டர் அதைவிட மோசம். "மாமா, நீங்க ஏறி, டிக்கட் எடுத்து, குறட்டையும் விட்டாச்சு" என்றான். வெட்கத்தில் ஒரு பஸ் ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

நாவலப்பிட்டி பஸ்ஸின் மிதிபலகையில் கண்டக்டராகத் தொங்கிக்கொண்டு, பஸ்ஸை எடுக்கச் சொல்லி நீ ஆயுள் முழுக்கச் சொன்ன சொல் அந்த "ரைட்". பஸ்ஸுக்குச் சொன்னதோடு விட்டிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. என் மகனுக்கும் சொன்னாய் பார், அங்கேதான் எனக்கு எரிய ஆரம்பித்தது.

உண்மையில் அது இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. மஹய்யாவ கோயிலில் தினேஷுக்குக் காது குத்தினோமே, அன்றைக்கு. தாய்மாமன் மடி என்று உன் மடியில் உட்கார வைத்தார்கள். ஊசி பட்டதும் பிள்ளை வீரிட்டு அழுது உன் சட்டையைத்தான் பிடித்தான். பெற்ற தகப்பன் நான் தேங்காய்த் தட்டோடு தூண் மாதிரி நின்றேன். முறை அப்படித்தான், தெரியும். தெரிந்து என்ன, வயிற்றுக்குத் தெரியவில்லையே.

பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவனை றக்பி பழகக் கொண்டுபோய் விட்டாய். எனக்கு அந்த முட்டைப் பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. முதல் மட்சில் எழுந்து நின்று கை தட்டினேன். நீ என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து, "உக்காரு மச்சான், கோடு தாண்டிப் பந்த வச்சது அவங்க ஆளு" என்றாய். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பத்தாம் நம்பர் என்றால் என்ன என்று நான் கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தைத்தான் இன்றைக்கும் என் துணிக்கடையில் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: "அவன்தான் டிரைவர். மத்தவனுங்க தள்ளுற ஆளுங்க. எங்க திருப்பணும்னு அவன்தான் பார்க்கணும்."

நம்ம தினேஷ்தான் அந்தப் பத்தாம் நம்பர்; இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைக்கிற வேலையும் அவனுக்குத்தான். பந்தை நிறுத்தி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து, தலையைக் குனிந்து நிற்பான். மைதானமே வாயை மூடிக்கொண்டிருக்கும். நீ மட்டும் பஸ்ஸை எடுக்கிற மாதிரி "ரைட்" என்பாய். அதன் பிறகுதான் அவன் கால் நகரும். பந்து உள்ளே போனதும் திரும்பி மேலே பார்ப்பான். உன்னைத்தான். பக்கத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் ஊரே அவனைத் தூக்கி வைத்துப் பேசியது. சலூனில் அவன் பேச்சு, சந்தையில் அவன் பேச்சு. இலங்கைக்கே இனி இவன்தான் பத்தாம் நம்பர் என்றார்கள். பேப்பரில் படம்கூட வந்தது. அதில் நடுவில் அவன், தோளில் கை போட்டபடி நீ, ஓரத்தில் என் முழங்கை. அந்த முழங்கையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன்.

எல்லோரும் தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தபோது நீ ஒருத்தன்தான் பயந்தாய். "காலு நல்ல காலு மச்சான். காதுதான் பயமா இருக்கு. ஊரு பேசுறதெல்லாம் உள்ள போகுது. பள்ளிக்கூடத்துல அடிச்ச ஆட்டத்தப் பெரிய ஆளுங்களோட அடிக்கணுமே." நான் சும்மா இருக்காமல், "அத அப்பன் நான் பாத்துக்குவேன்" என்றேன். நீ சிரித்தாய். "அந்தக் காத என் மடியில வச்சுத்தான குத்துனாங்க? அதுக்கு நான்தான் காவல்." அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். பெரியவர்கள் ஆடுகிற றக்பி கிளப்பில் அவனை எடுத்த செய்தி உனக்குத் தெரியாது. உன் சவப்பெட்டி மேல் விழுந்து அவன் அழுதான் மச்சான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு இப்படி அழுவானா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்கு அவன் ஆடிய முதல் மட்சுக்கு உன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நித்தவெல மைதானத்துக்குப் போனேன். ஒரே கூட்டம். ஆட்டம் தொடங்கியதுமே அவனுக்கு ஒரு உதை கிடைத்தது. லேசான உதை என்று எனக்கே தெரிந்தது. பந்தை வைத்தான், பின்னால் நகர்ந்தான், தலையைக் குனிந்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எதற்கு நிற்கிறான் என்று அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ரெஃபரி ஏதோ சொன்னார். அவசரமாக ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

பின்னாலிருந்த ஒருவன் சிங்களத்தில், "ஸ்கூல் பையன்களோட ஆடும்போது எல்லாரும் ராஜாதான்" என்றான். கூட இருந்தவன் சிரித்தான். அவர்கள் மேல் வராத கோபம் எனக்கு உன் மேல் வந்தது. செத்த பிறகும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம். இன்னொரு உதை, அதுவும் ஓரத்திலிருந்து. போனால் மூன்று புள்ளி, வெற்றி; போகாவிட்டால் மறுநாள் சலூனில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். அவன் தலையைக் குனிந்து நின்றான்.

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்று உன் தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். "அண்ணன் இருந்தா இந்நேரம் சொல்லியிருக்கும்."

எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். கடையில் "எத்தனை மீட்டர்" என்று கேட்டாலே ஆட்கள் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிற குரல் எனக்கு. அது வெளியே வரத் துணிவதற்குள் அவன் காது மடலை ஒரு தடவை தடவிக்கொண்டான். ஓடி வந்தான். பந்து கம்பத்துக்கு நடுவால் போனது. அவன் மேலே திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் இல்லை, உன்னையும் இல்லை.

"சொல்லிட்டீங்களா? எனக்குக் கேக்கலையே" என்றாள் அவள். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டி வைத்தேன்.

வீட்டில் டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டேன், ரெண்டாவது உதைக்கு எப்படிடா கால் நகர்ந்தது என்று.

"மனசுக்குள்ள நானே சொல்லிக்கிட்டேன்பா" என்றான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா குரல்லதான் வந்திச்சு" என்றான்.

பார்த்தாயா? அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டாய்.

அவன் ஊர் சொன்ன அளவுக்கு வருவானா என்று இப்போதும் கேட்கிறார்கள். ஒரு வாரம் ராஜா என்கிறார்கள், மறு வாரம் வெறும் பேச்சு என்கிறார்கள். அவன் காதில் அது முன்னைப்போல ஏறுவதில்லை. உன் காவல் நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது.

போன சனிக்கிழமை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்பா" என்றான். வழக்கத்துக்கு மாறாக ஒரு நிமிடம் அப்படியே நின்றான். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது மச்சான். பக்கத்தில் நீ இல்லை, கூட்டம் இல்லை, ரெஃபரி இல்லை. "குடை எடுத்தியா?" என்று கேட்டேன். எடுத்தேன் என்று காட்டிவிட்டுப் படியிறங்கினான். அவன் தெரு முனை திரும்பும் வரைக்கும் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ரைட்.