கடையில் பேசிய கன்னடம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12.6.1994

அன்புள்ள பவுலினுக்கு,

ரெமிஜியஸ் மாமாவின் மகள் பவுலின் இல்லையென்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடவும். ஆம் என்றால், நான் பக்கத்து வீட்டு அசோகன். நடுச்சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாக உங்கள் கிறிஸ்துமஸ் கல்கல்லும் எங்கள் தீபாவளி அதிரசமும் போய்வந்ததே, அந்த வீடு.

செவ்வாய்க்கிழமை என் வாடிக்கைக்காரப் பெரியவர் ஒருவரோடு வந்து என் கடையில் வாஷ்பேசின் வாங்கினாய். கன்னடத்தில் கேட்டாய், கன்னடத்தில் விலை சொன்னேன். யாரோ என்றுதான் நினைத்தேன். பிறகு விரலை மடக்கி பேசினைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாய். அப்படித் தட்டித் தட்டிக் குடம் வாங்கியவள் நம் தெருவில் ஒருத்திதான்.

பில்லில் என் பெயரைப் படித்தாய். முகத்தைப் பார்த்தாய். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். நான் வியாபாரி, எதையும் கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. ஏன் பேசவில்லை? ஏதாவது கோபமா? சரக்கு இறக்கிய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அசோகன்


ரிச்சர்ட்ஸ் டவுன்
20.6.1994

அன்புள்ள அசோகன் அண்ணாவுக்கு,

பவுலின்தான். கோபமெல்லாம் இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வழுக்கைதான் புதுசு.

கூட வந்த சுந்தர் சார் எங்கள் வீட்டு ஓனர். தொண்ணூற்றொன்று காவிரிக் கலாட்டாவில் குடியிருந்த வீட்டை விட்டோம். தமிழ் என்றதும் நாலு இடத்தில் வீடு இல்லை என்றார்கள். இங்கே புரோக்கர், "மங்களூர் கிறிஸ்டியன்னு சொல்லிடுங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். சொல்லிவிட்டேன். சார் மாதம் ஒருமுறை வருவார். அப்போது பிள்ளைகளை வாயே திறக்கவிடுவதில்லை. அவர் எதிரில் உங்களிடம் எப்படிப் பேசுவேன்?

அடுத்த மாதம் அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும். தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார். நல்லவேளை, கவர்மேல் இங்கிலீஷில் எழுதினீர்கள். முத்தம்மா அத்தை எப்படி இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை,
பவுலின்


ஆஸ்டின் டவுன்
26.6.1994

அன்புள்ள பவுலினுக்கு,

அம்மா போய் மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்களைப் பற்றிப் பேசுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சுந்தர் சாரின் முழுப்பெயர் சுந்தரராமன். ஊர் கும்பகோணம். தனியாக வந்தால், "ஓய் அசோகன், நல்ல சரக்கா எடுத்துப் போடும்" என்று தமிழில்தான் பேரம் பேசுவார். அன்றைக்குக் கன்னடத்தில் ஆரம்பித்தார். கூட வந்த அம்மா கன்னடம் போலிருக்கிறது என்று நானும் அப்படியே பேசினேன். மூன்று தமிழர், அரை மணி நேரம் கன்னடம்.

நேற்று வந்தார். உன் பேச்சை எடுக்காமல், ஏன் சார் அப்படி என்று கேட்டேன். "மங்களூர்க்காரா குடியிருக்கா. நான் தமிழன்னு தெரிஞ்சு, நாளைக்கு ஒரு கலாட்டான்னா, வீட்ட விட மாட்டேன்னு உக்காந்துட்டா நான் எங்கய்யா போவேன்?" என்றார். அந்த மனிதர் உனக்குப் பயப்படுகிறார்.

நீயும் தமிழ் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்வதோ விடுவதோ உன் இஷ்டம். எனக்கு இரண்டு பேருமே வாடிக்கை.

அசோகன்


ரிச்சர்ட்ஸ் டவுன்
11.7.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

சார் நேற்று வந்தார். அக்ரிமென்டை விரித்து வழக்கம்போலக் கன்னடத்தில் ஆரம்பித்தார். "உட்காருங்க சார், காபி கொண்டுவரேன்" என்று தமிழில் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். நிமிரவே இல்லை. வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

கடைசியில், "சக்கரை கம்மியாப் போடும்மா" என்றார்.

உள்ளேயிருந்து சின்னவள் ஷில்பா எட்டிப் பார்த்து, "தாத்தா, உங்களுக்கும் தமிழ் வரும்னு அம்மாகிட்ட சொல்லவா வேணாமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வாருங்கள். வீடு தெரியாவிட்டால் தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். தமிழில் சத்தமாகவே கூப்பிடலாம்.

பவுலின்