சேனல் பதின்மூன்று

நாள் 112, 10:10
ஸ்கேன் எதையும் காட்டவில்லை என்றால், அங்கே எதுவும் இல்லை என்று பொருளா, கருவி கேட்கவில்லை என்று பொருளா? வகுப்பில் மாணவர்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் எனக்கும் தெரியாது.

நிலவின் தென்முனை நிலையம். இருப்பவர்கள் இருவர்: நான் (அறிவுக்கொடி, இயற்பியல்); சவரிமுத்து (எஞ்சினியர், தூத்துக்குடிக்காரர்). காலையில் கணினியில் யூனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். எந்த நாடு என்று கேட்டது. நிலவுக்கு நாடு இல்லை. காலியாக விட்டேன்.

09:00க்குச் சவரி வண்டியில் பாறை மாதிரி எடுக்கக் கிளம்பினார். வானொலியில் சொன்னது: "யக்கா, சாயங்காலம் வந்துருவேன். நல்லா ஓடுற கம்ப்யூட்டர எதுக்கு நோண்டுறீங்க? சும்மா இருக்க மாட்டீங்களே." "வேலையைப் பாருங்க, சவரி" என்றேன்.

நாள் 112, 19:30
வரவில்லை. 14:00க்கு விண்கல் பட்டு வானொலிக் கோபுரம் சாய்ந்தது. வானொலி இல்லை, பூமியுடன் தொடர்பும் இல்லை. மிச்சம் வண்டியின் வைஃபை மட்டும். அது ஸ்கேனில் தெரிந்தால் ஆன்டெனாவைத் திருப்பித் திசை கண்டுபிடிக்கலாம். வண்டியில் காற்று ஐம்பது மணி நேரம். 114ஆம் நாள் 11:00 வரை.

வண்டியின் நெட்வொர்க் பெயரைத் தினம் மாற்றி வம்பிழுப்பது அவர் வழக்கம். தமிழில் மூன்று சொல்லுக்கு இடம் போதாது. நேற்று "சாப்டாச்சா" என்றிருந்தது.

ஸ்கேன்: "கருவி வேறு வேலையில் உள்ளது."

நாள் 113, 08:15
பின்னணியில் ஓடிய நெட்வொர்க் சேவை வைஃபை கருவியைப் பிடித்து வைத்திருந்தது. நிறுத்தினேன். வயர்லெஸ் பூட்டப்பட்டிருந்தது. திறந்தேன். ஸ்கேன் ஓடியது. பிழை இல்லை. முடிவு: பூஜ்யம்.

நாள் 113, 17:50
கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். ஆன்டெனாவை முழுச் சுற்று திருப்பினேன். நாற்பத்தொரு ஸ்கேன். பூஜ்யம். பிழைச் செய்தி வராததால் கருவியை நம்புகிறேன். வண்டி அணைந்துவிட்டது என்றே முடிவு செய்கிறேன்.

நாள் 114, 12:30
உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஊகத்தில் கிழக்கே நடந்தேன். ஒன்றுமில்லை. உடையில் காற்று தீரும் நிலையில் திரும்பினேன். மீண்டும் நிரம்ப நாளை 05:00 ஆகும்.

நாள் 114, 16:20
கருவி எந்தெந்தச் சேனலைக் கேட்கிறது என்ற பட்டியலை இப்போதுதான் பார்த்தேன். ஒன்று முதல் பதினொன்று வரை. எந்தச் சேனலுக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும்; நாடு தெரியாவிட்டால் மீதியைத் தொடாது.

வண்டி பதின்மூன்றில். இரைச்சல் குறைவென்று அங்கே வைத்தது நான்.

நாட்டின் இடத்தில் இந்தியா என்று போட்டேன். நான்கு விநாடி. மேற்கே ஒரு நெட்வொர்க். பெயர்: "பரவாயில்ல".

எப்போது எழுதியது என்று பெயர் சொல்லாது. காற்றுக் கணக்கு தப்பியிருக்கலாம். என் கணக்கு இதற்கு முன் தப்பியதில்லை. இது தப்பட்டும்.

நாள் 115
05:00 கிளம்பினேன். 07:45 வண்டி. பாறைச் சரிவில் சக்கரம் சிக்கியிருந்தது. அவருடைய நடை உடை கிழிந்திருந்தது. சவரி இருக்கையில் இருந்தார். இதயப் பதிவு நேற்று 11:50 வரை.

வண்டியின் பதிவேட்டில் பெயர்கள்:
112, 15:10 – யக்கா வாங்க
113, 09:00 – கேக்குதா
114, 10:20 – பரவாயில்ல

நிலையத்திலிருந்து இரண்டே முக்கால் மணி நேர நடை.

வைஃபையை நிறுத்தும் பொத்தான் அவர் கையருகே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. திரும்பி வந்து ஸ்கேன் ஓட்டினேன்.

முடிவு: ஒன்று.