முப்பத்தொன்று சிவப்பு, முப்பத்திரண்டு பச்சை

3 மார்ச், திங்கள்

நெடுநாள் யோசனைக்குப் பிறகு இன்று காலை பத்து நாற்பதுக்கு அந்த முடிவை எடுத்தேன். கணினி துவங்கும்போது படிக்கும் கோப்பில், நான்காவது வரிக்கு முன்னால் மூன்று எழுத்துகளைச் சேர்த்து, அந்த வரியைச் செயலிழக்கச் செய்தேன். சாட்சிக்கு யாரும் இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த வரிதான் திரைக்கு நிறம் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சிறு புரோகிராமைக் கூப்பிடுவது. எங்கள் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். மருந்துக் குளிர்கிடங்கில் இன்னும் மவுஸ் இல்லாத கணினிதான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் மட்டும் அசையும். பெட்டிக்கு ஒரு வரி. வரி பச்சையாக இருந்தால் பெட்டி வார்டுக்குப் போகலாம், சிவப்பாக இருந்தால் நிறுத்த வேண்டும். வேறு சொல்லோ குறியோ கிடையாது. புதிதாக வந்திருக்கும் லேபிள் பிரிண்டரின் புரோகிராமுக்கு மெமரி போதவில்லை. டிரைவர், பிரிண்டர், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

கிடங்கு அதிகாரி சொன்னார்: "நிறம் இல்லாம ஓட்டிப் பாத்துட்டு, வேணுமா வேணாமான்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அரைப் பக்கம்னா நானே படிச்சிடுவேன்."

4 மார்ச்

நிறம் போய்விட்டது. நிறத்துக்கான உத்தரவு போகவில்லை. இதுவரை டிரைவர் விழுங்கிக்கொண்டிருந்த குறிகள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன: [31m, [32m. முப்பத்தொன்று சிவப்பு, முப்பத்திரண்டு பச்சை.

மருந்தாளர் அம்மா திரையைப் பார்த்தார். "என்ன சார் இது, எறும்பு ஏறின மாதிரி?"

கடிகாரத்தோடு பின்னால் நின்றேன். ஒரு திரையில் நிறுத்த வேண்டியவற்றைக் கண்டுபிடிக்க அவருக்கு நேற்றுக் காலை, நிறம் இருந்தபோது, எட்டு நொடி. இன்று நாற்பத்தொன்று, நடுவில் இரண்டு பெருமூச்சு. பக்கத்து நாற்காலியில் என் மச்சான் (மனைவியின் அண்ணன், பதினோரு வருடமாக இங்கே பெட்டி அனுப்புபவர்) பன்னிரண்டு நொடியில் முடித்தார்.

மச்சானுக்குக் கிடங்கில் 'ஆலோசனை' என்று பட்டப்பெயர். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒரு பெட்டியையும் நகர்த்த மாட்டார். கலந்து செயல்படும் பண்பைப் பாராட்டி ஒரு சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள்.

இன்று ஒருவரையும் கேட்கவில்லை.

5 மார்ச்

இன்றும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவதோ?

6 மார்ச்

காலையில் டிரைவரைத் திரும்ப வைத்தேன். "ஏம்மா, இது போகலாம்ல?" ஒரு மணி நேரத்தில் மச்சான் பதினான்கு முறை கேட்டார். மதியம் எடுத்தேன்: பூஜ்யம். மறுபடி வைத்தேன்: பதினொன்று.

ஒரு மனிதரின் பணிவை மெமரியில் ஏற்றி இறக்கலாம் என்பதை இதுவரை யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

8 மார்ச், சனி

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் பதினான்கையும் பூஜ்யத்தையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"அவனுக்குத் தக்காளி பழுத்திருக்கான்னு அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பெரிய பெரிய கம்ப்யூட்டரெல்லாம் பாக்கறீங்க."

பதினோரு வருஷம்! ஒரு நாள்கூட மனிதர் தன் கண்ணால் பார்த்து அனுப்பவில்லை, எல்லாம் பக்கத்து நாற்காலி. அந்த நாற்காலி பதினேழாம் தேதி காலி. மருந்தாளர் அம்மா மாடிக்கு மாறுகிறார், மச்சான் தனியாள். யாரைக் கேட்பார்? சிவப்புப் பெட்டி ஒன்று போய் யாருக்காவது ஊசியாக ஏறிவிட்டால்—

10 மார்ச்

மாடிப்படியில் பிடித்தேன்.

"மச்சான், உங்களுக்குச் சிவப்பு பச்சை தெரியாதா?"

"தெரியுமே. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

"வேலைக்குச் சேரும்போது கண் டெஸ்ட் வெச்சாங்களே?"

"முன்னாடி நின்னவர் சொன்னதையே சொன்னேன்."

"அவர் தப்பாச் சொல்லியிருந்தா?"

"ஒருத்தருக்கொருத்தர் துணையா வெளிய போயிருப்போம்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, நிறம் வேணாம்னு எழுதிடுங்க. அந்த நம்பர் எனக்குப் போதும். போன வாரம்தான் நிம்மதியா உக்காந்தேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

'நிறம் தேவையில்லை' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டேன். டிரைவரையும் எடுத்தாயிற்று. கையெழுத்து மட்டும் போடவில்லை.

12 மார்ச்

நேற்று மாலை ஷிஃப்ட் பெண் முப்பத்தொன்றை முப்பத்திரண்டு என்று படித்து ஒரு பெட்டியை அனுப்பிவிட்டார். வார்டு வாசலில் நர்ஸ் காலாவதித் தேதியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

டிரைவரை எடுத்தது யார்? நான். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"சோதனைன்னா தப்பு வரத்தான் செய்யும்," என்றார் பெருந்தன்மையாக. "அதுக்குத்தான் அந்தப் பொண்ணுகிட்ட விளக்கம் கேட்டிருக்கேன்."

13 மார்ச்

மச்சான் என் அரைப் பக்கத்தை வாங்கிப் படித்தார். "இதைக் கிழிச்சிடுங்க மாப்ள. என்னால அந்தப் பொண்ணு மாட்டக் கூடாது." நேராக அதிகாரி அறைக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிக் கதவருகில் நின்றேன்.

"சார், திரையில நிறம் இருக்கணும். தெரியாதது எனக்கு மட்டும்தான்."

"என்ன தெரியாது?"

"நிறம்."

"எத்தனை நாளா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

"இத்தனை வருஷமா ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கல சார். நான்தான் எல்லாரையும் கேட்டுட்டிருந்தேன்."

14 மார்ச்

புதிய அறிக்கை கொடுத்தேன்: 'நிறம் தேவை. ஆனால் நிறம் மட்டும் போதாது. "நிறுத்து" என்ற சொல்லும் வரியில் வர வேண்டும்.' அதிகாரி முதல் இரண்டு சொற்களுக்கு அடிக்கோடிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

17 மார்ச், திங்கள்

நான்காவது வரி மறுபடி வேலை செய்கிறது. மருந்தாளர் அம்மாவின் மாற்றல் ரத்து. மாலை ஷிஃப்ட் பெண்ணிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லேபிள் பிரிண்டருக்கு மெமரி இல்லாததால் அதற்கு உறை போட்டு அலமாரியில் வைத்தாயிற்று. லேபிள்களைக் கையால் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. மச்சான் இன்று கறுப்பு மையில் இருநூற்றுப் பதினாறு எழுதினார்.