கண்டக்டர் கொண்டுவந்த சாவி

நவ. 3, திங்கள்
தூறல். பஸ் ஜன்னல் மூடவில்லை, கள்ளக்குறிச்சி வருவதற்குள் இடது தோள் நனைந்தாச்சு. லேப்டாப்பை வெள்ளிமலையில் என் வீட்டுக்காரரிடமே விட்டு வந்தேன். என் மேசையில் இருக்கும் ஆபீஸ் சர்வருக்குள் அங்கிருந்தே நுழைய முடிந்தால், அங்கேயே உட்கார்ந்து வீட்டு பிளான் வரையலாம். ஆபீஸ் முதலாளி சார் சரி என்றார். வெள்ளிக்கிழமைக்குள் இது வேலை செய்தாக வேண்டும் என்று கெடு.

கல்யாணமாகி ஆறு மாதம். சேர்ந்திருந்தது ஞாயிறுகளில் மட்டும். நாள் முழுக்க ஊரார் வீட்டுப் படுக்கையறை வரைகிறேன்.

சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து முயன்றார். 'அனுமதி இல்லை.' பாஸ்வேர்டு போதாதாம், சாவிக் கோப்பு வேண்டுமாம். எதற்கும் இருக்கட்டும் என்று சர்வரில் என் ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்து விட்டேன். அப்போதும் இல்லை.

நவ. 4, செவ்வாய்
கொஞ்சம் வெயில். செய்ய வேண்டியது: லேப்டாப்பில் சாவி உண்டாக்கி சர்வரில் சேர்க்க. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க. குடை.

போனில் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாழாய்ப்போன சிக்னல். "சாவி அனுப்புங்க" மட்டும்தான் போய்ச் சேர்ந்தது போல.

நவ. 5, புதன்
பஸ் ஸ்டாண்டில் மலை பஸ் கண்டக்டர் கூப்பிட்டார். "வாத்தியாரு சாவி குடுத்து வுட்டாருங்க."

காகிதப் பொட்டலம். உள்ளே வீட்டுச் சாவி. கூடவே சீட்டு: 'நீ கேட்ட சாவி. நான் ஸ்கூல்ல இருந்தாலும் நீயே தொறந்துக்கினு உள்ள போலாம்.'

சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் அழுதேன். ஆறு மாதமாக இதைக் கேட்கவே தோன்றவில்லை எனக்கு. வாரம் ஒரு நாள் வரும் விருந்தாளிக்குச் சாவி எதற்கு.

நவ. 6, வியாழன்
மழை. குடை இன்னும் வாங்கவில்லை. இன்று சிக்னல் இருந்தது. சாவி ஜோடியாக வரும், ஒன்று உங்களிடமே இருக்கட்டும், மற்றதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க என்றேன். வந்தது. சர்வரில் என் ஃபோல்டரில் சேர்த்தேன். மறுபடி 'அனுமதி இல்லை'. அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம். நாளைக்குள் ஆகலைன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்மா என்றார் சார். அவ்வளவு நாள் என்னால் முடியாது.

நவ. 7, வெள்ளி
மழை லீவு, பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அவர் காலையிலிருந்தே லேப்டாப் முன்னால். சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவைப் பொறுமையாகப் படித்தேன். தப்பு என்னுடையது. திங்களன்று திறந்து விட்ட ஃபோல்டர். கண்டவரும் கை வைக்கிற இடத்தில் உள்ள சாவியை அது நம்பாதாம். எனக்கு மட்டும் என்று மாற்றினேன்.

11.40. மௌஸை நான் தொடவில்லை, என் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. யாரோ வீட்டுப் படுக்கையறை நடுவில் எழுத்து: 'உள்ள வந்துட்டன். நீ எப்ப வர?'

பின்னால் சார். "அத அழிச்சிட்டுக் கெளம்பும்மா."

ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் அழித்தேன். ரெண்டு மணி பஸ். கதவைத் தட்டப்போவதில்லை.