தீர்ப்பு சொல்லாத பட்டிமன்றம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பொற்கொடி,

டப்ளினில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே எல்லோரும் நலம். அத்தா மட்டும் முழங்கால் வலியோடு கடைக்குப் போய் வருகிறார்.

நான் பேசிய வீடியோவை நீ பார்த்துப் பதினோரு நாள் ஆகிறது. பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுருக்கினால் தப்பாகிவிடும் என்றுதான் இந்தக் கடிதம்.

உங்கப்பாவின் முதலாண்டு நினைவுக்குக் காந்திபுரத்தில் துணிக்கடை மாடி ஹாலைப் பிடித்திருந்தோம். புகழஞ்சலி வேண்டாம், அவருக்குப் பிடித்த பட்டிமன்றமே வைக்கலாம் என்றார் ஜெரோம் சார்; நடுவரும் அவரே. டீக்கடைப் புகாரை ஆறுச்சாமி திரும்பப் பெற்றது சரியா, தவறா என்பது தலைப்பு. சரி என்று பேச ஆறு பேர் வந்தார்கள். தவறு என்று பேச ஒருவரும் இல்லை. “ஏனுங்க, எதிரணி இல்லாம இது பட்டிமன்றங்களா, கல்யாண வாழ்த்துங்களா?” என்று சார் சிரித்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கையைத் தூக்கிவிட்டேன்.

சும்மா பேச்சுக்காகப் பேசினேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நம்பித்தான் பேசினேன். உங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். உங்கப்பா புகார் கொடுத்தார். இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று கடைக்காரர் இறங்கி வந்ததும் திரும்பப் பெற்றார். மறுநாள் முதல் அங்கே எல்லோருக்கும் பேப்பர் கப். நீங்கள் குடித்த டம்ளரில் மற்றத் தெருக்காரர்கள் குடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இது சமத்துவம் இல்லை, தப்பித்தல் என்றேன். அடுத்தவர் மனம் மாறும் என்று நம்பி அப்பா சட்டத்தைக் கைவிட்டு ஏமாந்தார் என்றேன். கைதட்டினார்கள். வீடியோவில் நீ பார்த்தது அதுவரைதான்.

மேடையில் எனக்கிருந்த கோபத்தில் பாதி எங்கள் வீட்டைச் சேர்ந்தது. போன வருடம் எங்கள் பெயரைக் கேட்டதும் ஒருவர் வாடகைக்கு வீடு இல்லை என்றபோது, “உடும்மா, சமாதானமாப் போயிறலாம்” என்றார் அத்தா. அவரிடம் கேட்க முடியாததை உங்கப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

தீர்ப்புக்கு முன் டீ இடைவேளை. முன்வரிசையில் இருந்த உங்கம்மா எழுந்து நேரே என்னிடம் வந்தார். 

“ஏங் கண்ணு, நீ சொன்னதத்தான் நானும் இருவது வருசமா அந்த மனுசன்கிட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். உனக்காச்சும் கை தட்டறாங்க. எனக்கு வெத்தலைய மடிச்சுக் குடுத்து வாயை அடைச்சுப்போடுவாரு” என்றார். பிறகு குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். சாட்சி சொல்ல இருந்த மூன்று பெண்களுக்கும் புகார் இருந்தவரை எந்தத் தோட்டத்திலும் வேலை தரவில்லையாம். “அவிங்க ஊட்டு அடுப்பு எரியோணுமில்ல அம்மணி. ஆனா அந்தப் பேப்பர் கப்புல சாகற வரைக்கும் அவரு ஒரு வாய் குடிக்கல.”

அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது. சட்டத்தையும் விடாமல் அந்த மூன்று அடுப்பையும் காப்பாற்ற வழி இருந்திருக்காதா என்று இப்போதும் கேட்கிறேன். ஆனால் அவர் ஏமாந்தார் என்றேனே, அது தவறு. அதை அம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஜெரோம் சாரும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டார். தை மாதம் இரண்டாம் அமர்வு. அந்த மூவரில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் பெயரைச் சொல்லலாம் என்றும், தாங்களும் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவை மேடைக்கு அழைத்தால், “எம் பொண்ணு வந்து பேசுவா” என்கிறார்.

கோபம் இருந்தால் கோபத்தோடே வா. மேடையில் என்னைத் தோற்கடி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னும் கண்ணாடி டம்ளரில் டீ தரும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு டீ வாங்கினால் நம் இருவருக்கும் போதும்.

எதிரணியில் உனக்காக உட்கார்ந்திருக்கும்,
நஸ்ரியா