பரணுக்குப் பலகை அடித்த செலவு

ராஜபாளையம்
14.09.2024

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுதத்தான் கை தானாகப் போகிறது. இந்த ஒரு தடவை அதை எழுதப் போவதில்லை. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் படுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எதையும் சொல்ல விடுவதில்லை. லீவுக்கு வந்த உன் ஆஸ்பத்திரித் தோழி கேத்ரின் திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறாள், பால்கோவாவோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். பால்கோவாவை உடனே தின்று தீர், போன தடவை மாதிரி பிரிட்ஜில் வைத்து மறந்துவிடாதே.

போனில் உனக்குச் சொன்ன மாதிரி அப்பா குளியலறையில் வழுக்கி விழவில்லை மகளே. பரணோடு விழுந்தார். சின்ன அடியும் இல்லை. ஜூலை கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் உன் விவாகரத்துக் கேஸ் முடிந்ததும் விமல் வீட்டார் உன் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்து வந்த வினைதான் எல்லாம். வக்கீல் ஆபீஸ் வாசலில் குமாஸ்தா லிஸ்ட்டை வாசிக்க வாசிக்க நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நாற்பத்தொரு உருப்படி. இட்லிக் கொப்பரையின் மூடி மட்டும் வரவில்லை, அது போகட்டும். பாதிப் பாத்திரத்தில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை, நீ அந்த வீட்டில் எவ்வளவு நாள் சமைத்தாய் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குட்டியானை வண்டியில் ஏற்றியதும் அப்பா தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னார். மழையும் இல்லை, எதற்குத் தார்ப்பாய் என்று டிரைவர் கேட்டான். ராஜபாளையம் வந்தும் இருட்டுகிற வரை வண்டியை மில் கேட்டுப் பக்கம் நிறுத்தி வைத்து, பிறகுதான் வீட்டில் இறக்கினோம்.

விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். ஒவ்வொன்றிலும் சி. ரெனிட்டா, 20.05.2019 என்று பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது, பேர் வெட்டிக் கொடுத்த கடைக்காரனிடமே கொண்டுபோய் எப்படி நீட்டுவது என்று அப்பா சத்தம் போட்டார். பின் அறையில் ஓட்டுக்குக் கீழே வெறும் உத்திரமாகக் கிடக்கிறதே, அதன் மேல் பலகை அடித்துப் பரணாக்கி ஏற்றிவிட்டால் ஒரு கண்ணுக்கும் தெரியாது என்பது அவருடைய திட்டம். வேல்சாமி ஆசாரி வந்து ஏணி போட்டுத் தட்டிப் பார்த்தார். நடு உத்திரத்தைக் கரையான் தின்னுருக்கு அண்ணாச்சி, ஓட்டைப் பிரிச்சு மாத்தணும், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார். உத்திரத்தைத் தொடாமல் பலகை மட்டும் அடித்தால் எவ்வளவு என்று அப்பா கேட்டார். அதுன்னா பதினொண்ணுல முடிச்சிரலாம், மேல எம்புட்டு கனம் ஏத்தப் போறிய என்று ஆசாரி திருப்பிக் கேட்டார். பழைய துணிமணிதான் என்றார் அப்பா. சரி, துணின்னா தாங்கும், பொறவு ஏனம் பானைன்னு ஏத்திராதீய என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மனுஷன் வேலையைத் தொடங்கினார். அப்பா முப்பத்திரண்டு வருஷம் மில்லில் பிட்டராக இருந்தவர், எந்த மெஷின் எவ்வளவு தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். நானும் காபி டம்ளரோடு அங்கேதான் நின்றேன். நாலு நாள் ஓட்டைப் பிரித்துப் போட்டால் பக்கத்து அறையில் மூடி அடுக்கியிருப்பதை ஆளாளுக்குப் பார்ப்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. வாய் திறக்கவில்லை. இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏற்றினோம். நான் கீழேயிருந்து எடுத்துக் கொடுக்க, அப்பா பரணில் உட்கார்ந்து வாங்கி அடுக்கினார். குடமும் தவலையும் ஏறிவிட்டன. கடைசியாக அந்தப் பெரிய அண்டாவை இழுத்தார். நடு உத்திரம் முறிந்தது. பலகை, பாத்திரம், ஓடு, உன் அப்பா எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. கேஸ் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று தெருவே உள்ளே ஓடி வந்தது. ஆசாரி அடித்த பலகையிலேயே அப்பாவைக் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள், கால் வைக்க இடமில்லாமல் உன் பாத்திரங்களை மிதித்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு மாரிச்செல்வி ஒரு குடத்தை எடுத்து ஒதுக்கி வைத்தாள். பேரைப் படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மதுரையில் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். மில்லில் வந்த பணம் பாங்கியில் கிடந்ததே, அது அதோடு சரி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் ஆசாரியின் வேலை சரியில்லை என்று பேச்சு வந்தது, அவரைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் தெருக் குழாயடியில் நின்று, துணி என்று பொய் சொன்னது நாங்கள்தான், ஏற்றியது என் மகளின் சீர்ப் பாத்திரம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்போது மாரிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், எங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியும்க்கா, நீங்க சொல்லலையேன்னுதான் நாங்க கேக்கல. அன்றைக்கு அழுத மாதிரி நான் ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை ரெனிட்டா.

நசுங்கியது போக மிச்சத்தைக் கழுவி அடுப்படியில் எடுத்துவிட்டேன். உன் தவலையில் வெந்நீர் போட்டுத்தான் தினமும் அப்பாவைத் துடைத்துவிடுகிறேன். முதல் நாள் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது திருப்புவதில்லை. அவளிடம் சொன்னால் தன்னால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று நினைப்பாள், சொல்லாதே, இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருக்கட்டும் என்கிறார். உன்னால் இல்லை. எங்கள் பயத்தால். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுப் போ. நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து குளிக்காமல் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏசம்மாள்

பால்கோவா இருக்கும் தூக்குவாளி உன் சீரில் வந்ததுதான், அடியில் உன் பேர் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு இருட்டிய பிறகு வந்து இறங்கச் சொன்னோம், பின் தெரு வழியாகக் கூட்டி வந்தோம். இந்தத் தடவை அந்தத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பகலில் வா.