உன் அலமாரியில் நான்கு புத்தகங்கள்

என் பெரியவளுக்கு,

நேற்று கூடத்தில் இருந்தது நான், உன் அப்பா, எதிர்வீட்டு தாட்சாயிணி. வேறு யாரும் இல்லை.

இந்த மே மாதம் உன் அலமாரியிலிருந்து நான்கு புத்தகம் எடுத்துப் படித்து, தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். துப்பறியும் நாவலை நீ மறுபடி படிக்கலாம். கொலைகாரனை நான் பாதியிலேயே பிடித்துவிட்டேன். சிவனடியார் கதைகளைக் குளித்துவிட்டுத்தான் தொட்டேன், இரண்டு இடத்தில் அழுதேன். தேனீ வளர்ப்புப் புத்தகத்தை எதற்கு வாங்கினாயோ, கீழே வைக்க முடியவில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்த கோடை லீவில் சத்தமாக வாசிப்பாய். நான் கீரை ஆய்ந்துகொண்டே உன் விரலைப் பார்த்து எழுத்துக் கூட்டுவேன். அந்தக் கோடை லீவு திரும்பி வந்தது போல இருந்தது.

நான்காவது, ஒரு மீனவர் எழுதிய கடல் புத்தகம். நான் பிரிக்கும் முன்பே உள்ளே திருநீறு மடித்த தாள் அடையாளமாக இருந்தது.

நேற்று தாட்சாயிணி, "இத்தன புக்கு எதுக்குக்கா? பழைய பேப்பர்காரருகிட்ட போட்டுடு" என்றாள்.

உன் அப்பா சட்டென்று, "கடல் புக்க தொடாதீங்க. இன்னும் முப்பது பக்கம் இருக்கு" என்றார்.

"நல்லாருக்கே மாமா! மாதா கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு மூணு வருஷமா பொண்ணு பேர எடுக்கல. அவ புக்கு மட்டும் இனிக்குதா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் போனபிறகு என்னிடம், "பெரியவ வூட்டுக்காரரு முதுநகர் துறைமுகத்துல மீன்புடி போட்டு ஓட்டறவருதான? பெரிய அலையில எப்புடி திருப்புவாங்கன்னு கேக்கணும்" என்றார்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வருவீர்களா? சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா